வருது பாய், வருது

மந்தைவெளிக் கரீமுல்லாவுக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடையாற்றங்கரைக்குப் போவார். அங்கே ஒரு பாரிஸ்டர் பாய்மரப் படகு வைத்திருந்தார். காற்று விழுந்துவிட்டால் கரை சேர உதவட்டும் என்று அதில் சின்னதாக ஒரு பெட்ரோல் இன்ஜினும் இருந்தது. பாரிஸ்டர் வந்து ஏறுவதற்குள் அந்த இன்ஜினைப் பார்த்து வைக்க வேண்டும்.

மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பெட்ரோல் வாடை அடித்தால் அது அடங்குகிற வரை பீடிகூடப் பற்றவைக்க மாட்டார். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அடியில் சேர்ந்த தண்ணீரை இறைப்பார். பிறகுதான் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவது.

இன்ஜின் பிடித்துக்கொண்ட பின் மிச்சமிருப்பது ஒரே ஒரு சோதனை. இன்ஜின் சூடேறாமலிருக்க ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஓடிப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் இன்ஜின் வெந்துபோகும். கரீமுல்லா குனிந்திருக்கிற இடத்திலிருந்து அந்தக் குழாய் தெரியாது. அதைப் பார்ப்பது பவுல்சாமியின் வேலை. சுக்கான் பிடிக்கிறவன் அவன்தான். பட்டினப்பாக்கத்துக்காரன், சாந்தோம் கோயிலில் முதல் பூசை முடித்துவிட்டு நேரே படகுக்கு வருவான். குழாயின் கீழே கையை நீட்டிப் பார்த்து, "வருது பாய், வருது" என்பான். ஏனோ எப்போதும் இரண்டு தரம் சொல்வான்.

ஒரு மார்கழி மாதம், முகத்துவாரத்தைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஓர் அலை அடித்தது. படகு சாய்ந்து நிமிர்ந்தபோது சுக்கானருகே பவுல்சாமி இல்லை. பாரிஸ்டரும் கரீமுல்லாவும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பட்டினப்பாக்கத்துக் கட்டுமரங்கள் எல்லாம் இறங்கின. கரையோடு கொட்டிவாக்கம் வரைக்கும் ஆட்கள் தேடிப் போனார்கள். உடல் கிடைக்கவில்லை. சாந்தோம் கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள். பவுல்சாமியின் மனைவி மர்சலின் கடைசி வரை முழங்காலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் படகு கரையேறிச் சும்மா கிடந்தது. மறுபடி இறக்கியபோது சுக்கானுக்குப் புது ஆள் வைத்தார்கள். அவன் பாரிஸ்டரோடு வருவான். இன்ஜினைப் பார்க்கிற நேரத்தில் கரீமுல்லா தனியாகத்தான் இருப்பார். முதல் நாள் மோந்து பார்த்தார், எண்ணெய் பார்த்தார், இறைத்தார், சுற்றினார். இன்ஜின் பிடித்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"வருது பாய், வருது."

ஹாண்டிலைக் கையில் பிடித்தபடியே அவர் திரும்பினார். சுக்கான் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் கேட்டது. அதற்கடுத்ததும். தொடக்கத்தில் ஒவ்வொரு தரமும் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். அப்புறம், அது வராமல் போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொள்ளத் தொடங்கினார். குரல் கேட்டால் போதும். எழுந்து போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அப்படி ஒரு நாள் குரலை நம்பிக் கிளம்பினார்கள். முகத்துவாரத்தருகே கருகல் வாடை வந்தது. மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிற வாயைப் பாசி அடைத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கவில்லை. இன்ஜினை நிறுத்தி, காற்றின் தயவில் கரை வந்தார்கள். கரீமுல்லாவுக்கு அன்று ராத்திரியே காய்ச்சல் கண்டது.

மனைவி ஹாஜிரா பீ தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இத்த மனசுலயே வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? அந்த மர்சலின் பொண்ணாண்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

பட்டினப்பாக்கத்தில் மர்சலின் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே கரீமுல்லா எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை.

"அவரு குரல்தானா அண்ணே?"

"அவன் குரல்தாம்மா."

"வூட்டாண்ட ஒரு நாளும் வந்ததில்ல. கனவுல கூட வந்ததில்ல." ஒரு மீனைத் திருப்பிவிட்டு, "உங்க இன்ஜினாண்ட வராரா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து அவள் படகுக்கு வந்தாள். ஏறிப் போய்ச் சுக்கானருகே உட்கார்ந்தாள். கரீமுல்லா இன்ஜினைச் சுற்றினார். குரல் வந்தது, அவளை ஒட்டினாற்போலவே. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னான். உனக்குக் கேக்கலையாம்மா?"

இல்லை என்று அவள் தலையசைத்தாள். பிறகு பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து, வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள்: "உங்களத் தேடாம வுட்டுடல. கொட்டிவாக்கம் வரைக்கும் தேடினோம். நானும்தான் நடந்தேன்."

மறு ஞாயிறு வெறும் இன்ஜின் சத்தம்தான் கேட்டது. கரீமுல்லா காத்திருந்து பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து, தண்ணீரில் கையை வைத்தார். கொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால், கரையில் மர்சலின் நின்றிருந்தாள்.

"சொன்னாரா அண்ணே?"

முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆற்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சொன்னான்மா" என்று வந்துவிட்டது.

அதன் பிறகு அவள் வராத ஞாயிறு குறைவு. படகில் ஏற மாட்டாள். கரையிலிருந்தே கேட்பாள், அவரும் சொல்வார், போய்விடுவாள். குரல் திரும்ப வரவே இல்லை. அது கேட்ட நாட்களில்கூட இல்லாத பயம் இப்போது அவருக்கு இருந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் கிடக்கிற அமைதியைத் தாங்க முடியாமல், பட்டறையில் ரிப்பேர் அதிகம் என்று சொல்லி நின்றுவிடலாமா என்றுகூட யோசித்தார். கரையில் நிற்கிறவளை நினைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று வருஷத்தில் பாரிஸ்டருக்கு மூச்சிரைப்பு வந்தது. படகை விற்றுவிட்டார். அந்தச் சமயம் மர்சலின் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளை சாந்தோம் கடைத்தெருவில் கரீமுல்லா பார்த்தார். மீன்கூடையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"ஆத்தாண்ட போனேன் அண்ணே. படகக் காணோமே."

"வித்துட்டாரும்மா. காக்கிநாடாக்காரங்க வாங்கிக்கினு போய்ட்டாங்க."

"அவ்ளோ தூரமா" என்றாள்.

குரல் நின்றுபோனதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். மர்சலின் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அங்க இன்ஜின் பாக்கறவருக்குத் தமிழ் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள்.