டபுள்ஸ்

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரின் கால்வாய்க் கரை. அமெரிக்காவின் சான் ஹோசேயிலிருந்து சைக்கிள் ஓட்டவென்றே விமானம் ஏறி வந்த எங்கள் குடும்பத்துக்கு இன்று ஆறாம் நாள். என் வாடகை சைக்கிளின் செயின் அறுந்துவிட்டதால், கணவரின் கேரியரில் உட்கார்ந்து வருகிறேன். தூறல் விடுவதாக இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது. காலையில் வழி தவறியதில் வந்த சண்டைக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. ஒன்பது வயது மகள் முன்னால் போகிறாள்.

பாலத்தருகே ஒரு போலீஸ்காரர் நிற்கிறார்.

"எறங்கு, எறங்கு! போலீஸ்!" என்கிறார் இவர். அதற்குள் நான் குதித்தாயிற்று. ஒன்றும் தெரியாதவர்கள்போல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறோம். கல்யாணமான புதிதில் திருச்சியில் டபுள்ஸ் போய் போலீஸிடம் மாட்டிய பழக்கம்.

போலீஸ்காரர் அருகில் வந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்: "பஞ்சரா?"

"இல்லை சார். மனைவியைப் பின்னால் ஏற்றியது தப்புதான், மன்னியுங்கள்."

அவர் முழிக்கிறார். "என் மனைவியும் அப்படித்தான் வருவாள்."

மகள் திரும்பி வந்துவிட்டாள். "அப்பா, வாட் டிட் யூ டூ?"

இவர் அசடு வழிய என்னைப் பார்க்கிறார். "சரி, ஏறு."

மூச்சு இரைக்கிறது இவருக்கு. "குடுங்க, நான் மிதிக்கிறேன். நீங்க பின்னாடி உக்காருங்க" என்கிறேன்.

தள்ளாடிக் கிளம்புகிறோம். போலீஸ்காரரைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல்: "எறங்கிடட்டுமா?"

"சும்மா உக்காருங்க."