கூலன்ட் வாசமடித்த அகிம்சைப் பாடம்

பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூரிலுள்ள ஏதோ கல்லூரியின் விளக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அமைதி, நீதி, அகிம்சை என்று ஒரு பட்டப்படிப்பாம். "இதுக்கு வேலை கெடைக்குமா அங்கிள்?" என்றாள். புத்தகத்தில் புது மை வாசம். எனக்குத் தெரிந்த அகிம்சைப் பாடத்தில் லேத்துக்கு ஊற்றுகிற கூலன்ட் வாசம்தான் அடிக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஓசூர் மத்திகிரியில் நானும் அன்வரும் ஒரே அறையில் குடியிருந்தோம். அவன் கிருஷ்ணகிரி மண்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை; கம்பெனியில் என் பக்கத்து லேத். தபால் வழியில் காந்தியச் சிந்தனை எம்.ஏ. படித்தான். மெஷின் ஓடும்போதே பாடத்தைப் புரட்டுவான், பக்கமெல்லாம் கறை. அந்தப் பாடக்கட்டைத் தலைக்கு வைத்து நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த வருஷம் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில், எங்களோடு வேலைபார்த்த முனியப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று. காயம் ஆறி வந்தவரை, இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை எல்லோரும் கேட்டில் உண்ணாவிரதம் உட்காருவதாக முடிவாயிற்று. அன்வர் சனிக்கிழமையே மேனேஜரிடம் சொல்லப்போவதாகச் சொன்னான்.

"கிறுக்கா ஒனக்கு? சொன்னா உக்கார வுடுவானா?"

"சொல்லாம பண்ணா அது சண்டைப்பா. எதிராளிகிட்ட மறைக்கக் கூடாது. அதான் மொதப் பாடமே."

போய்ச் சொன்னான். திங்கட்கிழமை கேட் பூட்டியிருந்தது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வேன்களில் புது ஆட்கள் பின்வாசலால் போனார்கள். நாங்கள் வெயிலில் உட்கார்ந்தோம். முனியப்பாவின் மனைவி, உண்ணாவிரதம் என்ற விவரம் தெரியாமல், எல்லோருக்கும் களி கிண்டி எடுத்துவந்து, "ஊட்டா மாடி, ஊட்டா மாடி" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொல்லி ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினாள். எனக்கிருந்த பசிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சமரசம். முனியப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. அன்வரைத் தவிர எல்லோரும் உள்ளே வரலாம்.

"யாரப் புடிக்கணும்னு நீயே போயி காட்டிட்டு வந்தியே!" என்று கத்தினேன்.

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். "முனியப்பா உள்ள பூட்டாருல்ல? அதுக்குத்தான உக்காந்தோம். வுடுப்பா."

அவனுக்காகவும் உட்காரலாம் என்றோம். அவன்தான் வேண்டாமென்றான். மண்டிக்கே திரும்பிப் போனான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கேட் இன்னும் இருக்கிறது. உள்ளே எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். போன மாதம் எதிர் டீக்கடையில், ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்குப் பக்கத்து மெஷின்காரரை அதற்கு முந்தின வாரம் நிறுத்திவிட்டார்களாம்.

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"யாருக்குன்னு சார் கேக்கறது?" என்றார் அவர், சலித்துப்போய். "அந்தாளு பேரே தெரியாதே."