ஹலோ அக்காவுக்கு வக்கீல் கிடைத்த கதை

பெரிய வக்கீல் பெரியவர் ஆவதற்கு முன்னால் டயர் கடை மாடியில் ஒரே ஒரு அறையில் இருந்தார். மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. கட்சிக்காரர் யாராவது வந்தால் ஹலோ அக்கா எழுந்து சுவரோரமாக நின்றுகொள்ள வேண்டும். அக்கா உட்கார்ந்திருந்ததுதான் கட்சிக்காரர் நாற்காலி. போனை எடுத்து அக்கா "ஹலோ" சொல்கிற அழகில், தப்பு நம்பர் போட்டவர்கள்கூட சௌக்கியம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் உயிரோடு இருந்தது.

அப்புறம் ஆபீஸ் வளர்ந்தது. டயர் கடைக்காரரைக் கிளப்பிவிட்டுக் கீழ்த்தளத்தை எடுத்தார்கள். பக்கத்துக் கட்டடத்தை வாங்கினார்கள், மேலே மேலே கட்டினார்கள், லிப்ட் வைத்தார்கள். வாசல் போர்டும் பெரிய வக்கீலின் தொப்பையும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்ததில் போர்டு கொஞ்சம் முந்திக்கொண்டது. அக்காவும் சும்மா இல்லை. சுவரோரத்திலிருந்து கண்ணாடிக் கவுண்டருக்கு முன்னேறி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது.

எப்படி இப்படி வளர்ந்தீர்கள் என்று வெளியே கேட்டால் உழைப்பு, நேர்மை என்பார்கள். உள்ளே கேட்டால் "கதவு சாத்துறது" என்பார்கள். சங்கதி ரொம்ப சுலபம். ஒரு பக்கத்துக் கதையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்ட வக்கீல், அதே வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது. தொழில் விதி. அதனால் பசையுள்ள கட்சிக்காரர் வந்தால் பெரிய வக்கீல் அவரை ஊர்வலம் அனுப்பிவிடுவார். ஊரில் பேர் வாங்கிய ஒவ்வொரு வக்கீலிடமும் போய் உட்கார வேண்டும், கதையைச் சொல்ல வேண்டும், எழுந்து வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். எதிராளி வக்கீல் தேடிக் கிளம்பும்போது ஊரில் ஒரு கதவும் திறந்திருக்காது.

இந்த ஊர்வலத்துக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது அக்காவின் வேலை. எல்லா ஆபீஸ் நம்பரும் மனப்பாடம்.

"கோர்ட் மாடிப்படிக்குக் கீழ ஒருத்தர் இருக்காரே, கொட்டாவியார். அவர்கிட்டயும் போகணுமாம்மா?" என்று கேட்பார்கள். தன் வாதத்துக்கே கொட்டாவி விடுகிற வக்கீல் அவர்.

"வேண்டாங்க. அவர் கதவை நீங்க எதுக்கு மெனக்கெட்டுச் சாத்தணும்? அவரே தூங்கிச் சாத்திக்குவாரு."

ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா இதையெல்லாம் புருஷனுக்கு நடித்துக் காட்டும். எந்த வக்கீல் எப்படி இருமுவார், ஏமாந்த எதிராளி எந்த மூஞ்சியோடு படியிறங்கிப் போனான், எல்லாம். புருஷன் கட்டில் கடைக்காரர். அக்கா சிபாரிசில்தான் ஆபீஸ் ஹாலுக்கு நாற்காலி போட்டார், அப்படியே பெரிய வக்கீலுக்கும் சிநேகிதமானார். சிரித்துச் சிரித்துப் புரையேறும் அவருக்கு. "அந்தக் கொட்டாவியார் கதைய இன்னொரு தடவை சொல்லேன்" என்பார். மெச்சுகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டது. மனுஷன் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

இவர்களுக்கு ஒரு மகள், பத்து வயசு வாலு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆபீசுக்குப் போன் போடும், தொண்டையைக் கட்டைக் குரலாக்கிக்கொண்டு.

"ஹலோ, யானை பேசறேன். எனக்கு விவாகரத்து வேணும்."

எதிரே கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது.

"சொல்லுங்க யானை. என்ன பிரச்சினை?"

"அவர் ரொம்பக் குறட்டை விடறாரு."

"அப்படிங்களா. நேர்ல வரமுடியுமா? எங்க லிப்ட்ல நாலு பேர்தான் ஏறலாம்."

அந்தப் பக்கம் கெக்கெக்கே என்று சிரிப்பு. அக்கா வீட்டுக்குப் போவதற்குள் அது தூங்கியிருக்கும். அம்மாவும் பெண்ணும் ஒருத்தருக்கொருத்தர் கிடைத்தது அந்தப் போனில்தான்.

ஆபீசுக்கு ஆண்டு விழா வந்தது. வழவழ தாளில் மலர் போட்டார்கள், டயர் கடையில் தொடங்கி லிப்ட் வரைக்கும் முழு வரலாறு. அதில் ஒரு பக்கம் அக்காவுக்கு, போட்டோவோடு. "மகள் பிறந்த மூன்றாம் மாதமே இருக்கைக்குத் திரும்பிய தியாகச் சுடர். இருட்டுவதற்குள் இவர் வீடு திரும்பியதாக எங்கள் வரலாற்றில் இல்லை." பெரிய வக்கீல் மேடையில் அதை வாசித்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அக்கா அழுதுவிட்டது. முன்வரிசையில் கட்டில் கடைக்காரர் எல்லாரையும்விட சத்தமாகக் கைதட்டினார்.

அவருக்கும் கடையில் கணக்குப் பார்க்க வந்தவளுக்கும் கணக்கு வேறு மாதிரி போனது கொஞ்ச நாளில் வெளியே வந்தது. அக்கா சண்டை போட்டது. அவர் சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டே சொன்னார்:

"வீடு என் பேர்ல இருக்கு. பொண்ணும் என்கிட்ட இருக்கட்டும். நீ கிளம்பு."

அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அட பைத்தியமே, யார்கிட்ட வந்து பேசறே? நான் வக்கீல் ஆபீஸ்ல குப்பை கொட்டினவ. கோர்ட்ல பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாமே" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்தபடியே அக்கா முதல் நம்பரைப் போட்டது. பெரிய வக்கீலைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சண்டையை முதலாளியிடம் கொண்டுபோகக் கூச்சம். முதல் நம்பர் ஆபீசின் போன் பெண் பழைய சிநேகிதி.

"ஐயோ அக்கா..."

"என்னடி ஐயோ?"

"உங்க வீட்டுக்காரர் போன வாரமே வந்து சார்கிட்டப் பேசிட்டுப் போயிட்டாரே. நாற்காலி விக்க வந்தாருன்னுல்ல நெனச்சேன்."

இரண்டாவது நம்பர். அங்கேயும் வந்திருந்தார். மூன்றாவது ஆபீசில் அக்கா பெயரைக் கேட்டதுமே இருமினார்கள். அந்த இருமலை அக்கா எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கும்! மனப்பாடமான அத்தனை நம்பரும் தீர்ந்தபோது சாயங்காலம். யானை போன் செய்தது. "யானை, இன்னைக்கு வக்கீல் யாரும் இல்லைங்க" என்று வைத்துவிட்டு அக்கா மாடிக்குப் போனது.

"உக்காரும்மா" என்றார் பெரிய வக்கீல்.

அவர் அக்காவை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா நின்றபடியே கேட்டது.

"சார், எங்க வீட்டுக்காரர் இங்கயும் வந்தாரா?"

"இங்கதானே முதல்ல வந்தாரு. நேரம் குடுத்ததே நீதானே. ஒரு வியாபாரிக்குன்னு ஒரு பொம்பளை கேட்கல?"

கேட்டாள். நல்ல பணிவான குரல். அக்கா லீவில் இருக்கும் நாளாகப் பார்த்து நேரம் வாங்கியது கடைக் கணக்குக்காரிதான் என்று இப்போது புரிந்தது. "கண்டிப்பா அனுப்பிவைங்க, எங்க சார் நல்லபடியா முடிச்சுக் குடுப்பாரு" என்று அக்காவே உறுதி சொல்லியிருந்தது.

"சார், டயர் கடையிலேர்ந்து உங்ககூட நிக்கறேன். எனக்குப் பொண்ணு மட்டும் போதும்."

"புரியுதும்மா. ஆனா முதல்ல வந்தவருக்குத்தானே நம்ம கதவு? எத்தனை பேருக்கு நீயே சாத்தியிருக்கே." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு. நீ கீழ உக்காந்திருந்தா அவர் சங்கதி உன் காதுல விழும், எனக்குச் சிக்கல். நாளையிலேர்ந்து வரவேண்டாம். கடிகாரத்தை நீயே வெச்சுக்கோ."

மிச்சம் இருந்தது மாடிப்படிக்கீழ் மேசை ஒன்றுதான்.

"உக்காருங்க, ஸ்டூல் ஆடும்" என்றார் கொட்டாவியார். அக்கா வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க யாருன்னு சொல்ல வேண்டாம். குரலே போதும். 'அவரே தூங்கிச் சாத்திக்குவாரு.'"

அக்கா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டது.

"நீங்க போனை வாய் பொத்தாம வெச்சுக்கிட்டுப் பக்கத்துல பேசுவீங்க. ஒரு நாள் இந்தப் பக்கம் லைன்ல நான் இருந்தேன்."

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட மட்டும் வரல சார்."

"யாரும்தான் வரதில்லையே. அதனாலதான் திறந்தே கிடக்கு" என்று சொல்லி வாயைப் பிளந்தார். பொல்லாத மனுஷன் இல்லை. கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லாதவர்.

கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்றது பெரிய வக்கீலின் மகன். அக்கா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சாக்லேட் கொடுத்த பையன். அவன் வேறு எதையும் நம்பவில்லை, ஆண்டு மலரைத்தான் பிரித்தான். தியாகச் சுடர் பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தான். கொட்டாவியார் எழுந்து "ஆட்சேப..." என்றார், மீதியைக் கொட்டாவி தின்றுவிட்டது. கோர்ட்டே சிரித்தது.

"இதுல இருக்கறது நிஜமாம்மா?" நீதிபதி கேட்டார்.

"நிஜந்தாங்க. ஆனா தினம் சாயங்காலம் என் பொண்ணு போன் பண்ணுவாங்க. பேசுவோம்."

"என்ன பேசுவீங்க?"

அக்கா யோசித்தது. வேறு பதில் இருந்தால்தானே சொல்லும்.

"யானைக்கு... விவாகரத்து வேணும்னு."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நீதிபதியும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும், "இப்ப வேலை இருக்கா?" என்றார். இல்லை என்று சொன்னதை எழுதிக்கொண்டார். பெண் அப்பாவிடம், சனிக்கிழமை மட்டும் அம்மா பார்க்கலாம். எங்கே பார்ப்பது என்று பேச்சு வந்தபோது பெரிய வக்கீல் மகன் பெருந்தன்மையாக, "எங்க ஆபீஸ் ஹாலிலேயே பாத்துக்கட்டுங்க, அவங்களுக்கும் பழக்கப்பட்ட இடம்" என்றான்.

சனிக்கிழமை அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போய், புருஷன் விற்ற நாற்காலியில் உட்கார்ந்தது. முதுகு வலிக்கிறது என்று கட்சிக்காரர்கள் சொன்னதெல்லாம் பொய்யில்லை. கண்ணாடிக்குப் பின்னால், அக்காவிடம் தொழில் பழகிய பெண்.

"இதோ வந்துடுவாங்கக்கா. கொஞ்சம் உக்காருங்க."

அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். எதிரே ஒருத்தர் மூன்றாவது செய்தித்தாளை மடித்துவைத்தார். பெண்ணை அழைத்து வரவேண்டிய கட்டில் கடைக்காரரைக் காணோம். போன் அடித்தது.

"ஹலோ... யாரு? ஏய், வெளையாடாதே." வைத்துவிட்டாள்.

"யாருடி அது?"

"எதோ பொடுசு. யானை பேசுதாம்."

அக்கா கவுண்டருக்கு ஓடியே போய்விட்டது. வாடகை அறையில் போன் இல்லை. பெண்ணுக்கு மனப்பாடமான நம்பர் இது ஒன்றுதான். அம்மா இன்றைக்கு இங்கே இருப்பாள் என்று தெரிந்து போட்டிருக்கிறது.

"அது எனக்குடி. மறுபடி அடிக்கும், என்கிட்ட குடு."

"ஐயோ, கட்சிக்காரங்க போனைத் தொடக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தானேக்கா."

"சரி, தொடல. நீயே பேசு. லிப்ட்ல நாலு பேர்தான் ஏறலாம்னு மட்டும் சொல்லு. கண்ணு, அது ஒண்ணு மட்டும் சொல்லு."

அந்தப் பெண் சொல்லியிருப்பாள், நல்லவள்தான். ஆனால் போன் அடித்த நேரம் லிப்ட் கதவு திறந்து, பெரிய வக்கீல் ஒரு புதுக் கட்சிக்காரரின் தோளில் கை போட்டபடி வெளியே வந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"மன்னிக்கணும், தப்பு நம்பர்ங்க" என்றாள், ஹலோ அக்காவின் குரலிலேயே, அத்தனை இனிமையாக.

அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை.