எல்லை தாண்டாத அட்டை

வால்வுக்காரர் என்றால் கிழக்குத் தெருக்கள் அத்தனைக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி அவரைத் தேடி வந்தவர்கள் அலுத்துத் திரும்பிப் போனதும் உண்டு. குடிநீர் வாரியத்தில் அவருக்கு வேலை, தெருமுனைகளில் இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடுவது. நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிள் கம்பியில் கட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவார். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஒருத்தர் நிற்பார். பள்ளத்துத் தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று இன்னொருத்தர் வழிமறிப்பார். அவர் யாருக்கும் பரிந்து பேசியதில்லை, யார் வீட்டிலும் கை நனைத்ததுமில்லை. "இன்னைக்கு இவங்க டீயைக் குடிச்சா, நாளைக்கு கொஞ்சம் கூட விடுங்கன்னு நிப்பாங்க" என்பார். சொந்தத் தெருவுக்குக் கடைசியில்தான் திறப்பார். "ஊருக்கெல்லாம் தண்ணி, நம்ம குடத்துல மட்டும் காத்து" என்று மனைவி சலித்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்ற அன்று வாரியத்தில் ஒரு கைக்கடிகாரமும் மருத்துவ அட்டையும் கொடுத்தார்கள். கடிகாரத்தை அவர் கட்டவில்லை. அட்டையை மட்டும் கண்ணாடி உறை போட்டு வைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. நாளைக்கு ஒன்று என்றால் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஆஸ்பத்திரிப் படியேறலாம் என்பதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

அந்த அட்டைக்கு வேலை சீக்கிரமே வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், பிறகு படம் எடுத்தும் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு" என்றார்.

அவர் சிரித்துவிட்டார். "வால்வுக்காரனுக்கே வால்வு ரிப்பேரா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணி மாத்திடலாம். உங்க அட்டையிலயே வரும். உடனேன்னு அவசரம் இல்ல, ஆனா ரொம்பத் தள்ளிப்போடவும் வேணாம்."

அதே மாதத்தில்தான் வெளிநாட்டிலிருந்து மருமகன் போன் செய்தான், அக்காவின் மகன். அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள் என்றான்.

அவருக்கு அக்கா என்றால் பாதி அம்மா. அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குவாள். தம்பிக்குத் தலை சீவிவிட்டது, சோறு ஊட்டியது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டு நடந்தது எல்லாம் அக்காதான். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகும் விடவில்லை. அங்கே ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே தம்பியைப் படிக்க வைத்தாள். புருஷன் போன பிறகும் அதே இஸ்திரியில்தான் ஒரு சின்ன வீட்டை வாங்கி முடித்தாள். தம்பியைப் பார்க்க அவள் வந்துபோனதுண்டு. அவர் ஒருதடவையும் போனதில்லை. "ரிட்டயர் ஆகட்டும்க்கா, வந்து ஒரு மாசம் டேரா போடறேன்" என்பதே எப்போதும் பதில்.

இப்போது அக்கா போனில் சொன்னாள். "தம்பி, ஒருதடவை வந்துட்டுப் போடா. எனக்கு ஒண்ணும் வேணாம். மூஞ்சியைப் பார்த்தாப் போதும்."

"ஆபரேஷனை முடிச்சுட்டுப் போகலாங்க" என்றாள் மனைவி.

"ஆபரேஷன் பண்ணினா ஆறு மாசம், ஒரு வருஷம் எங்கயும் போகக் கூடாதும்பாங்க. அதுவரைக்கும் அவ இருக்க வேணாமா? போயிட்டு வந்து படுத்துக்கறேன்."

விசாவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் என்றார்கள். கடைவீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த பயண அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே இருந்த பெண் பொறுமையானவள். அவர் முதலில் எடுத்து நீட்டியது கண்ணாடி உறை போட்ட அட்டையைத்தான்.

"சார், இது நம்ம நாட்டு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். எல்லை தாண்டினா இது வெறும் பிளாஸ்டிக்" என்றாள். பிறகு வயதைக் கேட்டாள், உடம்பைப் பற்றிக் கேட்டாள். அவர் வால்வைச் சொன்னார்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சொல்லிடறேன் சார். இதை எழுதினா, நெஞ்சு சம்பந்தமா எது வந்தாலும் கம்பெனி தராது. எழுதாம விட்டா, நாளைக்கு உங்க பழைய சீட்டையெல்லாம் தோண்டிப் பார்த்துட்டு மொத்தமாவே தராது."

"அப்ப எதுக்குத்தாம்மா தருவாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"காய்ச்சல், வயித்துப்போக்கு, வழுக்கி விழுந்து கை கால் முறிஞ்சா... பெட்டி தொலைஞ்சா. அப்புறம்..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏதாவது ஆயிட்டா, உடம்பை ஊருக்கு அனுப்புற செலவு."

"பரவாயில்லையே! போறது நம்ம செலவு, வர்றது அவங்க செலவு" என்றார் அவர்.

"அதுவும் நெஞ்சால ஆனா வராது சார்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. மனைவி எழுந்து, "வாங்க போகலாம். இந்தப் பயணமே வேணாம்" என்றாள். அவர் எழவில்லை. "இருக்கறதை இருக்கறபடியே எழுதும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

இருவரும் போனார்கள். விமானத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வீடு ஒரு வரிசை வீடுகளின் கடைசியில் இருந்தது. கீழே ஒரு அறை, மேலே இரண்டு அறை, சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பி. கீழ் அறையில் கட்டிலில் கிடந்த அக்கா, தம்பியைக் கண்டதும் கையைக் கூட நீட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா இவ்வளவு கிழவனாயிட்ட?"

"நீ மட்டும் குமரியா?"

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

வந்த நாட்கள் நன்றாகத்தான் போயின. அக்காவின் மகன் ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டினான். இரவு வேலை. பகலில் அவன் மேலே தூங்க, கீழே அக்காவும் தம்பியும் ஓயாமல் பேசினார்கள். அக்காவுக்கு ஸ்பூனால் சூப் கொடுப்பது தம்பியின் வேலையாயிற்று. "கடனை அடைக்கிறியாடா?" என்பாள் அக்கா. "வட்டிதான்க்கா. அசல் அப்படியே நிக்குது" என்பார். மனைவி ஜன்னலோரம் காய் நறுக்கியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், மாடிக்குப் போனவர் இறங்கி வரவில்லை. மனைவி போய்ப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"சத்தம் போடாத" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேவைப்பட்டது. "கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நாலு நாள் தாக்குப்பிடிச்சாப் போதும். அட்டை செல்லுற ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டா..."

"இது தாக்குப்பிடிக்கிற மாதிரியா இருக்கு? நான் அவனை எழுப்பறேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா யார் கட்டுவாங்க? அவ வீட்டை வித்துதான் கட்டணும். நான் செத்தாலும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்யவில்லை. செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் பிடி தளரும் வரை பக்கத்திலேயே இருந்தாள். தளர்ந்ததும் எழுந்து, பக்கத்து அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"தம்பி, எழுந்திருப்பா. மாமாவைப் பாரு!"

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி. உடனே அறுவை செய்யாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார்கள். அந்த நாட்டுக்காரர்களுக்குச் சிகிச்சை இலவசம், வந்துபோகிறவர்கள் காசு கட்டவேண்டும். பொறுப்பு ஏற்பது யார் என்று கேட்டார்கள். இன்னும் கிடங்குச் சீருடையின் மேல்சட்டையைப் போட்டிருந்த மருமகன், "நான்தான்" என்று கையெழுத்துப் போட்டான். பிறகு வராண்டாவில் நின்றபடி காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டான். மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே இருந்த நோய், வழியில்லை என்றார். உங்கள் மாமா விரைவில் குணமடைய வாழ்த்துகள் என்றும் சொல்லித்தான் வைத்தார்.

"அத்தை, நீங்க இதை மனசுல போட்டுக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்" என்றான் அவன். எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வால்வுக்காரர் பிழைத்துக்கொண்டார். பயணம் செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னதும் ஊருக்குத் திரும்பினார்கள். செலவு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கும்போதெல்லாம் மருமகன், "தவணை போட்டுக் குடுத்திருக்காங்க மாமா" என்று முடித்துவிட்டான். விடைபெறும்போது அக்கா அவர் கன்னத்தைத் தட்டி, "ஒழுங்கா மாத்திரை போடுடா" என்றாள். அவ்வளவுதான்.

அக்காவோடு வாரம் தவறாமல் போனில் பேசுவார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவர் கத்துவது கேட்டது. இன்னொரு குரல் அவரை அதட்டியது. தட்டுகள் உருளும் சத்தம்.

"யாருக்கா அது? எங்க இருக்க?"

அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். அவர் விடவில்லை. கடைசியில் சொன்னாள். வீட்டை விற்றாயிற்று. அவள் முதியோர் விடுதியில் இருக்கிறாள். ஒரு அறையில் நான்கு பேர். மகன் வேறு இரண்டு பேரோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறான். "இங்க நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. எனக்கு ஜன்னலோரக் கட்டில்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அவர் சமையலறைக்கு வந்தார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நீ அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அவ அவ வீட்டுலயே இருந்திருப்பா."

அவள் அடுப்பை அணைத்தாள். அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால் மற்றவர் என்ன செய்வது? அவள் சுவரோடு பேசினாள். "சாப்பாடு ஆறுது, சாப்பிடறவங்க சாப்பிடலாம்." "மாத்திரை மேஜை மேல இருக்கு." அவர் வந்து சாப்பிடுவார், மாத்திரையைப் போட்டுக்கொள்வார், போய்விடுவார். கிழக்குத் தெருக்களில் அவரைப் பார்த்தவர்கள், "பிழைச்சு வந்துட்டீங்க, மறுபிறவி!" என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது, ஏதோ திருடிக்கொண்டு வந்து பிடிபட்டவர் போலத் தலை குனிந்துகொள்வார். அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சத்தியம் செய்யாமல் இருந்தோமே என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆறுதல்.

அக்காவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. ஒருநாள் தம்பி மனைவியையே போனில் அழைத்தாள்.

"உன்கிட்ட பேசறானா அவன்?"

"பேசறாரு அண்ணி."

"பொய் சொல்லாத. போனை அவன்கிட்ட குடு."

கொடுத்தாள். அக்காவின் குரல் அறைமுழுக்கக் கேட்டது.

"டேய், அன்னைக்கு அவ கதவைத் தட்டலைன்னா நீ என் வீட்டு மாடியில செத்திருப்ப. கீழ நான் ஒண்ணும் தெரியாம படுத்திருந்திருப்பேன். அப்புறம் அந்த வீட்டுல நான் எப்படிடா கண்ணை மூடுவேன்? வீடு நான் சம்பாதிச்சது. எதுக்குச் செலவு பண்ணணும்னு எனக்குத் தெரியும். அவகிட்ட பேசு."

"சரிக்கா" என்றார். ஆனால் போனை வைத்த பிறகும் வார்த்தை வரவில்லை. துருவேறிய திருகுபோல இறுகிக்கிடந்தது. நாட்கள் போயின.

அக்கா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றான் மருமகன். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பயண அலுவலகத்துக்கு ஓடினார். அதே பெண்தான் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கெங்கோ போன் செய்து கேட்டாள். "சார், இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரத்துல எந்தக் கம்பெனியும் உங்களை எடுத்துக்கமாட்டேங்குது. காப்பீடு இல்லாம விசா கிடைக்காது" என்றாள். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். யார் கொடுத்தும் வாங்கிக் குடிக்காதவர் அதை வாங்கிக் குடித்தார்.

அக்காவின் இறுதிச் சடங்கைப் போனில்தான் பார்த்தார்கள். மருமகனின் நண்பன் ஒருவன் அங்கே போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி நேரம் யாருடைய காலணியோதான் தெரிந்தது. அக்காவின் முகம் தெரிந்த ஒரு நொடியில் படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு இணைப்பே போய்விட்டது. திரை கறுத்த பிறகும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்குப் பயமா இருந்துச்சா உனக்கு?" என்று அவர் கேட்டார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த குரல்.

"இருந்துச்சு. கதவைத் தட்டும்போது வீடு போயிடும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் தட்டினேன்."

"தெரிஞ்சுமா?"

"நீங்க நியாயம் பார்ப்பீங்க. எனக்கு நீங்கதான் வேணும்னு இருந்துச்சு. அண்ணிக்குப் பண்ணினது தப்புன்னா, தப்புதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்காவைப் பத்தி உனக்கு ஒண்ணு சொன்னதில்ல" என்று ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவரை அடித்துவிட்டார். பக்கத்து வகுப்பில் இருந்த அக்கா சண்டைக்குப் போய் வாத்தியாரின் பிரம்பையே பிடுங்கிவிட்டாள். தம்பி செய்த விஷமம் என்ன என்று வாத்தியார் சொல்லக் கேட்டதும், அதே பிரம்பால் அவளே இரண்டு அடி போட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்து, "இனிமே அடிக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. அவர் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.