தாராவியில் ஒரு பிளாண்டர்ஸ் பிரபு

மும்பை தாராவியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோல் கிடங்கின் முற்றத்தில், காயப்போட்ட தோல்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாடக ஒத்திகை நடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் நிற்கிறேன்.

கதை, ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ் என்ற தேசத்துப் பழங்காலப் பிரபு ஒருவரைப் பற்றியது. அரசனுக்காக உயிரையே கொடுப்பவர். ஆனால் வேறு விதமாகச் சாமி கும்பிடுகிறவர்களை எரிக்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறார். அதற்காக அரசன் அவர் தலையை வாங்குகிறான்.

பிரபுவாக நடிப்பவர் இங்கே தோல் பதனிடும் சுடலைமுத்து. அரசன், கிடங்கு முதலாளி காதர் பாய். இருவரும் திருநெல்வேலிப் பக்கம்.

"முதலாளியையே ராஜாவாக்கிட்டீங்களே?" என்று சுடலைமுத்துவிடம் கேட்கிறேன்.

"வேற யாரு ராசான்னாலும் எனக்குக் கும்பிட வராது அண்ணாச்சி."

கடைசிக் காட்சி. சுடலைமுத்து மண்டியிடுகிறார். கவிழ்த்த பீப்பாய்மேல் உட்கார்ந்திருக்கும் பாய் தீர்ப்புச் சொல்லவேண்டும். வாயைத் திறக்கிறார், மூடுகிறார். டெர்லின் சட்டைக் கையால் நெற்றியைத் துடைக்கிறார்.

"அரே, இவன் தலைய எடுன்னு என் வாயால எப்படிப்பா சொல்ல? வேணும்னா ஜெயில்ல போடுவோம்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். சுடலைமுத்து சிரிக்கவில்லை. முழங்காலாலேயே நகர்ந்துபோய், பாய் தலையில் சரிந்திருக்கும் தோல் கிரீடத்தை இரண்டு கையாலும் நேராக்குகிறார். பிறகு மெதுவாக வசனம் எடுத்துக் கொடுக்கிறார்.

"'இவன் தலையை வெட்டுங்கள்.' சும்மா சொல்லுங்க மொதலாளி, நான் இருக்கேம்லா."