சனல் பண்ணிய கதை

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகளிடம் ஒருமுறை போனில், "போன கிழமை ஒரு டொக்டரைச் சனல் பண்ணினனான்" என்று சொன்னேன். அவள், "லிங்கை அனுப்புங்கோ மாமா, சப்ஸ்கிரைப் பண்ணுறன்" என்றாள்.

பிழை அவளுடையதல்ல. வைத்தியர் ஒருவரிடம் காசு கட்டி நம்பர் எடுத்து, பிரத்தியேகமாகக் காட்டுவதை இந்தத் தீவுக்கு வெளியே யாரும் சனல் பண்ணுவது என்று சொல்வதாகத் தெரியவில்லை. எங்களுக்கோ அது அன்றாடச் சொல். "மூண்டு நாளாக் காய்ச்சல் விடேல்லையோ, ஆரையும் சனல் பண்ணினீங்களே?" என்று வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே விசாரிப்பார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்தான். இப்போது அவனிடமே கொண்டுபோய்க் காட்டினால் அவனுக்கு அடையாளம் தெரியாது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. மாலை ஏழு மணிக்கு டீவியில் ஓடும் சனல் மனைவிக்குச் சொந்தம். சங்கடமான கேள்வி ஒன்றுக்கு நான் பகிடி விட்டுத் தப்பப் பார்த்தால், "சனலை மாத்தாதேங்கோ" என்பாள். கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அது இன்னும் கனமான சொல். எந்தக் கடிதமும் ப்ரொப்பர் சனலால்தான் மேலே போகவேண்டும். கீழே இருப்பவர் நடுவில் இருப்பவருக்கு, அவர் மேலே இருப்பவருக்கு. ஒழுங்கு தவறி வந்த கடிதங்களைச் சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அப்படிப்பட்டவன் தன் கழுத்தில் ஒரு கட்டி வந்தபோது என்ன செய்தான் என்பதை இனிச் சொல்கிறேன்.

சவரம் செய்யும்போது தட்டுப்பட்டது. இடது தாடைக்குக் கீழே, ஒரு கடலை அளவில். வலிக்கவில்லை. வலிக்காததுதான் பொல்லாதது என்று போனில் எழுதியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முன் மூன்று பக்கம் வாசித்தேன். முதல் பக்கத்தில் நான் நோயாளி, இரண்டாவதில் கவலைக்கிடம், மூன்றாவதில் ஆள் இல்லை. இடியப்பத்துக்கு முன்னால் குனிந்தபடி இருந்தேன்.

"சொதிக்கு உப்புக் கூடிப்போச்சோ?" என்றாள் மனைவி.

"இல்லை. அருமையா இருக்கு."

கலியாணம் கட்டி இருபத்து நான்கு வருடத்தில் அவளுடைய சொதியைப் பற்றி நான் அப்படிச் சொன்னது அன்றுதான்.

அன்றிலிருந்து நான் திருந்திய மனிதன். அலுமாரியை ஒதுக்கினேன். கிழிந்த பெனியன்களை, பிறகு யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று, எறிந்தேன். வீட்டிலுள்ள திறப்புகளுக்கெல்லாம் சின்ன அட்டை கட்டி, எது எந்தப் பூட்டுக்கு என்று எழுதினேன்.

"எங்கையேன் ட்ரான்ஸ்ஃபரோ?" என்று கேட்டாள்.

"சும்மா."

நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் சனல் பண்ண இடமில்லாமல் இல்லை. ஆனால் அங்கே காத்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் அடுக்குமாடி ஃபிளட்ஸ்காரர், மீதிப் பேர் அவர்களின் சொந்தக்காரர். ஐந்து மணிக்கு நான் உள்ளே போனால் ஆறு மணிக்கு என் கட்டி கடற்கரை வரை போய்விடும், ஆறரைக்குக் கனடாவில் இறங்கிவிடும். அதனால் கொழும்பு நகரத்தின் மற்ற அந்தத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன இடத்துக்குப் போன் பண்ணி, சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினேன். பெயர், வயது, டெலிபோன் நம்பர் கேட்டார்கள். சொன்னேன். ஒஃபிஸில் கணக்குப் பார்க்கும் ஓடிட், வரப் பிந்தும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். டொக்டர் கட்டியைத் தடவிப் பார்த்தார். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்போம், ரிப்போர்ட்டைக் கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்.

ரிப்போர்ட் வெள்ளை உறையில் வந்தது. உறையை ஒட்டியிருக்கவில்லை, ஒரு பின் அடித்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பின்னைக் கழற்ற எனக்கு ஐந்து நாள் இருந்தது. கழற்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆய்வுகூடம் ஞாயிறும் திறந்திருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

ரிப்போர்ட் காட்ட வருபவர்களுக்கு நம்பர் கிடையாது. மூன்று நம்பர் உள்ளே போனபின் ஒரு ரிப்போர்ட்காரர் போகலாம், அதுதான் வழக்கம். யாருக்குப் பின் யார் என்பதை ரிப்போர்ட்காரர்களே நினைவில் வைத்திருக்கவேண்டும். புதிதாக வருபவர் வாசலில் நின்று, "ரிப்போர்ட் காட்ட ஆர் கடைசி?" என்று பொதுவாகக் கேட்பார். கடைசி ஆள் கையைத் தூக்குவார். அவருக்குப் பின் இவர். இந்த ஒழுங்கு குழம்பி நான் பார்த்ததில்லை. பஸ் நிலையத்திலும் இதே சனம்தான் நிற்கிறது என்பதை நம்ப முடியாது.

அந்தச் செவ்வாய், வீட்டில் மறுபடியும் ஓடிட் என்று சொல்லிவிட்டு, நான் நாலு மணிக்கே போய்விட்டேன். ரிப்போர்ட்காரர்களில் நான்தான் முதல். நாலரைக்கு வரவேண்டிய டொக்டர் ஐந்தரைக்கு வந்தார். கதவடியில் நின்ற நர்ஸ், "எக்க, தெக்க, துன" என்று சிங்களத்தில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு மூன்று பேரை உள்ளே அனுப்பினார். பிறகு, "ரிப்போர்ட்?" என்றார்.

எனக்கு அடுத்த ரிப்போர்ட்காரியாக, கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். "நீங்கள் போங்கோ, பிள்ளை அழுகுது" என்றேன். பிள்ளை நல்ல நித்திரை. அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இன்னும் மூன்று நம்பர் போனது. "ரிப்போர்ட்?"

இந்த முறை முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பக்கம் திரும்பினேன். மடியில் எக்ஸ்றே வைத்திருந்தார்.

"நீங்கதானே சார் முன்னாடி வந்தீங்க?"

"பரவாயில்லை ஐயா. எனக்கு அவசரமில்லை."

"நல்ல மனுஷன் சார் நீங்க. எங்க பக்கத்து ஆளுங்கன்னா இந்நேரம் கதவையே கழட்டியிருப்பானுங்க."

பஸ்ஸில் சீட் பிடிக்க ஜன்னலால் குடையை எறிகிறவன் நான். பெரியவர் என்னைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அதன்பின் யார் வந்து "ஆர் கடைசி?" என்று கேட்டாலும், "நான்தான், ஆனால் நீங்கள் எனக்கு முன்னால் போங்கோ" என்றேன். ஏழு மணிக்குள் அந்த மண்டபத்தில் என்னை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. சாகப்போகிறவனுக்குக் கடைசி நாட்களில் நல்ல குணம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுவும் சரியாக இருந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "ரிப்போர்ட் காட்ட ஆர் கடைசி?"

திரும்பாமலே கையைத் தூக்கினேன். "நான்தான்."

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?"

"நாலு மணிக்கு."

"நாலு மணிக்கு வந்த ஆள் எப்பிடி ஏழு மணிக்குக் கடைசியாகிறது?"

திரும்பினேன். மனைவி. செவ்வாய்க்கிழமைகளில் அவள் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவாள். வெள்ளிக்கிழமை முருகன், செவ்வாய் அந்தோனியார். காரியம் யார் கையால் நடந்தாலும் சரி என்பது அவளுடைய கொள்கை. அங்கிருந்து இங்கே வர ஓட்டோவில் ஐந்து நிமிடம். கொட்டாஞ்சேனையைத் தெரிவு செய்தபோது இதை நான் யோசித்திருக்கவேண்டும்.

"ஓடிட் இஞ்சையோ நடக்குது?" என்றபடி பக்கத்தில் அமர்ந்தாள்.

"நீர் எப்பிடி..."

போனை நீட்டினாள். முதல் தடவை சனல் பண்ணிய அன்றே வந்த எஸ்.எம்.எஸ். என் பெயர், என் வரிசை நம்பர், டொக்டர் என்ன டொக்டர், எத்தனை மணி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் சொந்த டெலிபோன் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. காஸ்காரர் கேட்டாலும் மின்சாரக்காரர் கேட்டாலும் என் வாயில் வருவது அவளுடைய நம்பர்தான். கொழும்பின் மறு அந்தம் வரை போய் ஒளித்த விஷயத்தை, ஒளித்த முதல் நிமிடத்திலேயே வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

"அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் திறப்புக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தீங்கள்."

"அது வந்து, பாரும், இந்த டொக்டர்மாரின்ர எழுத்து..."

"சனலை மாத்தாதேங்கோ. உறையைத் தாங்கோ."

கொடுத்தேன். அவளும் திறக்கவில்லை. கைப்பையின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கதவைத் திறந்தார். "ரிப்போர்ட்?"

சற்றுமுன் வந்த ஒருவர் என்னை நம்பிக்கையோடு பார்த்தார். என் பெருந்தன்மை பற்றி யாரோ சொல்லியிருக்கவேண்டும். மனைவி எழுந்துவிட்டாள்.

"நாங்கள்," என்றாள்.

டொக்டர் பின்னை நகத்தால் கழற்றினார். தாளை விரித்தார். அதன்பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. "இவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்?" என்று அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"நீங்கள் சொல்லுங்கோ டொக்டர்," என்றாள் மனைவி.

"பயப்பிட ஒண்டும் இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி. ஆறு மாதத்தால ஒருக்காக் காட்டுங்கோ. பெருக்காட்டி அப்பிடியே விட்டிடலாம்."

"கொழுப்பெண்டு எனக்கு முதலே தெரியும்," என்றாள். சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். அதுவரை அவள் கதிரை நுனியில்தான் இருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வெளியே கவுண்டரில், ஆறு மாதத்துக்குப் பிறகு வர இப்போதே பதிவு செய்யலாம் என்றார்கள். பெயர் சொன்னேன். வயது சொன்னேன்.

"டெலிபோன் நம்பர்?"

வாயைத் திறந்தேன். கடைசி இலக்கம் வரை அவளுடைய நம்பர்தான் வந்தது. மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், திருத்தவில்லை. நாங்கள் ஓட்டோவுக்குக் கை காட்டும்போது அவளுடைய பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.