சேவைக்கு வந்த பன்னிரண்டு பேரும் நடுவில் நின்ற நானும்

மொழிபெயர்ப்பாளன் வேலையில், பேச்சு நன்றாக இருந்தால் பேசியவருக்குப் பேர். வில்லங்கமாகப் போனால் நமக்கு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் சேதி சொன்னவர்கள், மேனேஜருக்கும் யூனியனுக்கும் நடுவில் தூது போனவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தச்சு வேலை. இங்கிலீஷ் படித்தவன் உளி பிடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேர் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்தார்கள். அவர்களுடைய கோடை விடுமுறையில் ஆறு வாரம். அவர்கள் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை அவர்களுக்கும் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கோடைக்கும் ஒரு குழு வந்தது, நானும் தொடர்ந்து நாலு வருஷம் போனேன்.

சுவர்

முதல் வருஷம் மானகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு அறை கட்டுவது என்று ஏற்பாடு. மாணவர்களே கட்டுவார்கள். மேற்பார்வைக்கு முத்துக்கருப்பன் கொத்தனார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கும். இரண்டு பேர் செங்கல் எடுத்துக் கொடுக்க, நாலு பேர் அடுக்க, மீதிப் பேர் பாட்டுப் பாட, சுவர் வளர்ந்தது. வளர வளரத் தெற்கே சாய்ந்தது. கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்து ஒருமுறை பார்த்தார். மறுபடி மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

குழுத் தலைவர் ஹோவர்ட், நல்ல உயரம், வேர்வையில் நனைந்த சட்டை. கண் கலங்க என்னிடம் வந்தார். "நாங்கள் கட்டிய சுவரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், கேள்" என்றார். கேட்டேன். "அவர் உயிரோடு இருக்கும்வரை இந்தச் சுவரை மறக்க மாட்டாராம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். ஹோவர்ட் கொத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் உண்மையில் சொன்னது இது: "நல்லா இருக்குன்னு சொல்லுங்க தம்பி. அவுக ஊருக்குப் போகட்டும், இடிச்சுக் கட்டிக்கிறேன்."

தண்ணீர்

அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அமராவதிபுதூரைத் தாண்டி ஒரு கிராமம். மாணவர்களில் பால் என்று ஒருவன், போதகர் ஆகப் படிப்பவன், பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து, "உங்களுக்கு மிகவும் தேவையானது எது?" என்று கேட்டான். எல்லோரும் ஒரே குரலில் "தண்ணி" என்றார்கள். பாலின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இந்தப் பதிலுக்காகவே கடல் தாண்டி வந்தவன் மாதிரி பைபிளைத் திறந்தான். ஒரு தடவை குடித்தால் பிறகு தாகமே எடுக்காத தண்ணீர் ஒன்று இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசினான்.

நானும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பெண்கள் குசுகுசுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பால் உருகிப்போனான். முடிந்ததும் வள்ளிக்கண்ணு என்ற பெண் எழுந்தாள். இரண்டு மைல் நடந்து குடம் சுமக்கிறவள். அவள் கேட்டது: "அந்தத் தண்ணி எத்தனை அடியில கெடக்காம்? எங்குட்டுத் தோண்டணும்னு கேட்டுச் சொல்லுங்க."

போட்டோ

அதே வள்ளிக்கண்ணுவைப் படம் எடுத்துத் தங்கள் சபைக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். மறுநாள் அவள் தலை வாரி, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டிய கண்டாங்கிச் சேலையில் வந்து நின்றாள். குழுவில் கேமரா வைத்திருந்த பெண்ணுக்குச் சங்கடம். நேற்றுக் கட்டியிருந்த பழைய சேலையில் வர முடியுமா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். இதை எப்படிச் சொல்வது? வெளிச்சம் சரியில்லை, சேலை நிறம் படத்தில் விழாது என்று என்னென்னவோ சுற்றி வளைத்தேன். வள்ளிக்கண்ணு சேலைத் தலைப்பை நன்றாக இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்: "நான் நல்லா இருக்குறது அவுக ஊருக்குத் தெரிஞ்சா என்ன குத்தமாம்?"

குன்றக்குடி

அதே வருஷம் ஆடிக் கார்த்திகைக்கு முருகன் கோயிலில் காவடிக் கூட்டம். அங்கே ஏசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் கொடுப்பது என்று ஹோவர்ட் முடிவு செய்தார். வேண்டாம் என்று நான் சொன்னது அவருக்கு என் விசுவாசக் குறைவாகத் தெரிந்தது. பதினோரு மணி வெயிலில் பால் பிரசுரக் கட்டோடு மயங்கி விழுந்தான். கூட்டம் என்ன செய்யுமோ என்று அவன் பக்கம் ஓடினேன். காவடி எடுத்து வந்த ஒருவர் அதை இறக்கி வைத்துவிட்டு, அவனை அலாக்காகத் தூக்கி நிழலில் கிடத்தினார். வாயில் நீர்மோர் ஊற்றினார். போகிற போக்கில் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார். பிரசுரங்களால் நாலு பேர் விசிறினார்கள்.

பால் கண் திறந்தான். ஹோவர்ட் கைக்குட்டையோடு நெற்றியைத் துடைக்க வந்தார். அதற்குள் காவடிக்காரர் என்னிடம், இவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் பதறிப்போய்ச் சொன்னது: "அம்புட்டுத் தூரத்துலருந்தா வந்துருக்காக? சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க, பந்தி அங்குட்டு நடக்குது."

வண்டி

நாலாவது வருஷம் நடந்ததை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை. மத்தியானம் மூன்று மணி. நாலு மணிக்கு அடுத்த ஊரில் மாணவர்களின் பொம்மை நாடகம். வேனில் பொம்மைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு விவசாயி, துணி மாதிரித் துவண்டு கிடந்த பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கூட வந்திருந்த ரூத், நர்சிங் மூன்றாம் வருஷம், குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது அப்படியே நின்றது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. "ஆஸ்பத்திரி, உடனே" என்றாள். ஹோவர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஊரே காத்திருக்கும் என்றார். என்னைப் பார்த்து, "குழந்தைக்காக ஜெபிப்போம், நாடகம் முடிந்ததும் வண்டி வரும் என்று சொல்" என்றார்.

நான் தகப்பனிடம், "வண்டியில ஏறுங்க" என்றேன்.

அவர் பொம்மைகளுக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்கச் சொல்ல ஹோவர்டுக்குத் தமிழ் தெரியாது. ரூத் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள், வேன் கிளம்பிவிட்டது. காரைக்குடி பெரியாஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். குழந்தை அழ ஆரம்பித்தபோது ஆறு மணி. வராந்தாவில் ஹோவர்ட் என்னை நிறுத்தி, "நான் சொன்னதைத்தான் அவரிடம் சொன்னாயா?" என்றார். ரூத்துக்குத் தமிழில் பத்து வார்த்தைதான் தெரியும். ஆனால் ‘வண்டி’யும் ‘ஏறு’வும் அந்தப் பத்தில் சேர்ந்தவை. குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இவர் சரியாகத்தான் சொன்னார். நீங்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள்."

சேவை செய்ய வந்தவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் செய்த சேவை எவ்வளவு என்பது இரண்டு தரப்புக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான், நாலு வருஷத்தில் நான் செய்த சேவை.